பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் வீட்டு நீரும் கிருமியும்

பாலாற்றுப் படுகையில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், இராணிப்பேட்டை என நீளும் தோல் பதனிடும் வட்டாரத்தில், தண்ணீர் பற்றிய பேச்சு பெரும்பாலும் உப்பையும் குரோமியத்தையும் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. வழக்குகள், தீர்ப்புகள், செய்தித்தாள் படங்கள் எல்லாம் அவற்றைச் சுற்றியே அமைந்தன. அதே வீடுகளில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கையும் டைபாய்டையும் கொடுத்தவை நீரில் பரவும் நுண்ணுயிர்கள். கண்ணுக்கும் நாக்கும் தெரியாதவை என்பதால் அவை வழக்காகவில்லை.

இவ்விரண்டும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல. ஆறு வறண்டது, பல ஊர்களில் கிணறு கெட்டது. அதனால் குடிநீர் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. தொலைவிலிருந்து வந்த நீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வந்தது. ஆகவே வீட்டில் குடத்திலும் தொட்டியிலும் நாள்கணக்கில் தேங்கியது. கிருமி பெருகியது அந்தத் தேக்கத்தில்தான். குடத்தில் தொடங்கிய இக்கதை இன்று மாடித் தொட்டி, கீசர், ஷவர் வரை வந்திருக்கிறது.

தோலும் தண்ணீரும்

இப்பகுதியில் தோல் பதனிடுதல் 19-ஆம் நூற்றாண்டிலேயே வணிக அளவில் வேரூன்றியது. பழைய முறையில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளும் கடுக்காயும் பயன்பட்டன. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சோதித்துப் பரப்பினார். எனினும் அது இவ்வட்டாரத்தில் பெருவழக்கானது 1970-களுக்குப் பிறகே. சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து ஒன்றிய அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருட்களையும் ஊக்குவித்தது. அந்நியச் செலாவணியைப் பெருக்கிய முடிவு அது. பாலாற்றுக்கு அதன் விலை வேறாக இருந்தது.

ஒரு கிலோ பச்சைத்தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் தேவைப்படும். தோல் அழுகாதிருக்க முதலில் தூவும் உப்பு, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலிருக்கும். அந்த உப்பின் பெரும்பகுதி முதல் அலசலிலேயே கழிவுநீரில் கலந்துவிடும். குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் வீழ்படிவாக்கிப் பிரித்தெடுக்கலாம். உப்பு அப்படிப் பிரியாது, மண்ணில் இறங்கிக் கிணற்றில் சேரும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீடுகளில் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என இரண்டாகப் பிரித்துப் பேசும் பழக்கம் இந்தச் சூழலுக்கு உரியது. முன்னது குடிக்கவும் சமைக்கவும். பின்னது குளிக்கவும் துவைக்கவும் பாத்திரம் கழுவவும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாக வந்த ஆய்வைப் பதிவுசெய்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்து, இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கவும் உத்தரவிட்டது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் தவிர்க்க முடியாத தீர்ப்பு இது. ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, அதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை வழங்க வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு எவ்வளவு தூரம் நடைமுறைக்கு வந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இந்த வழக்குகளின் மையம் உப்பும் இரசாயனமும் நிலமும். குழாயில் வரும் ‘நல்ல தண்ணி’ உண்மையில் நல்லதுதானா என்பது வேறு கேள்வி. அதைக் கேட்டவர்கள் வேலூரின் மருத்துவர்கள்.

குடத்துக்குள் நடந்தது

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய சிறு மருத்துவமனை, பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது. குடல் நோய்கள் அங்கே தொடக்கம் முதலே அன்றாடப் பணி. 1960-களில் வட ஆர்க்காட்டு ஊர்களில் பரவிய வெப்பமண்டல ஸ்ப்ரூ என்னும் குடல் நோயைச் செல்வின் பேக்கர், வி. ஐ. மாத்தன் முதலியோர் ஆராய்ந்தனர். 1992-இன் இறுதியில் தென்னிந்தியாவில் தலைகாட்டிய ஓ139 என்ற புதிய காலராக் கிருமியை முதலில் கவனித்த ஆய்வகங்களில் வேலூரும் ஒன்று. ரோட்டா வைரஸ் ஆய்வுக்காக அறியப்பட்ட ககன்தீப் காங் பணியாற்றியதும் இங்கேதான். 2019-இல் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். இந்தியாவில் பணிபுரியும் பெண் ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல் முறை.

காங் உள்ளிட்ட குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு இந்த வரலாற்றில் முக்கியமானது. அளவில் சிறியது, 37 வீட்டு மாதிரிகளே. வேலூர் நகரம் அப்போது ஓர் ஏரியிலிருந்தும், வறண்ட ஆற்று மணலுக்கு அடியில் ஊறும் நீரிலிருந்தும் குடிநீரைப் பெற்றுவந்தது. நகராட்சி ‘சுத்திகரித்து’ அனுப்பிய நீரைக் குழாயில் வந்த உடனேயே சோதித்தபோது எல்லா மாதிரிகளிலும் மாசு இருந்தது. அதன் பிறகு அந்த நீர் வீடுகளில் 1 நாள் முதல் 9 நாள் வரை சேமிக்கப்பட்டது. 37-இல் 25 மாதிரிகளில், அதாவது மூன்றில் இரண்டு பங்கில், மாசு மேலும் கூடியிருந்தது.

இந்த முடிவுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. நீர் விட்டுவிட்டு வரும்போது குழாயில் அழுத்தம் குறையும். சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் விரிசல் இருந்தால், வெளியே இருக்கும் கழிவுநீரைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை நீர் திறந்துவிடப்படும்போது முதலில் வீட்டுக்கு வருவது அந்தக் கலவைதான். குழாயில் தண்ணீர் வந்ததும் முதல் இரண்டு குடத்தைக் கீழே ஊற்றிவிடும் பெண்கள் இதை எந்த ஆய்வும் படிக்காமலே கண்டுபிடித்தவர்கள். மறுபக்கம் வீட்டுக்குள் இருக்கிறது. அகன்ற வாயுள்ள பாத்திரத்தில் கைபட மொள்ளுதல், சரியாக மூடாமல் விடுதல், பழைய நீரின் மேலேயே புது நீரை ஊற்றுதல் ஆகியவை குளோரின் தீர்ந்துபோன நீரில் கிருமிக்கு இடம் கொடுக்கின்றன. நகராட்சியின் தவறு எங்கே முடிகிறது, வீட்டின் தவறு எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பது எளிதல்ல. ஆனால் 9 நாள் சேமிக்க வேண்டிய நிலைக்கு ஒரு குடும்பத்தைத் தள்ளிய பிறகு, சேமிக்கும் முறையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

பித்தளை போன கதை

அதே ஆய்வில் எதிர்பாராத ஒரு செய்தியும் இருந்தது. பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் மாசு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. மற்ற பாத்திரங்களில் அப்படி இல்லை. ஆய்வுக்குழு இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. 100 மில்லிலிட்டருக்கு 1,000 முதல் 1,00,000 வரை ஈ. கோலி கிருமிகளைக் கலந்த நீரை வெவ்வேறு பாத்திரங்களில் ஆய்வகத்திலேயே வைத்துப் பார்த்தது. அங்கும் பித்தளையே வென்றது.

காரணம் செம்பு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். அதிலிருந்து மிகச் சிறிதளவு செம்பு அயனிகள் நீரில் கசிந்து, பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வையும் நொதிகளையும் தாக்குகின்றன. இது உடனே நடப்பதில்லை, பல மணி நேரம் பிடிக்கும். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்கும் வழக்கமும் இங்கே பொருந்துகிறது. களிம்பும் அழுக்கும் படிந்த பரப்பைவிடத் தேய்த்த பரப்பு நீரோடு நேராகத் தொடுகிறது.

வீட்டுத் தவலையும் குடமும் அண்டாவும் பித்தளையாக இருந்த காலம் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெல்ல மறைந்தது. எவர்சில்வர் வந்தது, பின்னர் பிளாஸ்டிக் குடம் வந்தது. இதற்கு நாகரிக மோகத்தைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் லாரித் தண்ணீருக்கோ தெருக்குழாய்க்கோ வரிசையில் நின்று, ஒரு முறைக்கு இரண்டு குடமாகத் தூக்கி வருபவருக்குப் பித்தளையின் கனம் பெரும் சுமை. தண்ணீர் தொலைவுக்குப் போனதும் குடம் இலேசாக வேண்டியதாயிற்று. இலேசான குடத்தில் கிருமியைக் கொல்லும் உலோகம் இல்லை. (பழையது எல்லாம் நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டவும் முடியாது. தரமற்ற பித்தளையில் ஈயம் கலந்திருக்கக்கூடும்.)

வெயிலில் வைத்த பாட்டில்

வேலூரின் வெயில் தமிழகத்தில் பேர்பெற்றது. அதையே மருந்தாக்கிப் பார்த்தது 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வு. தெளிந்த நீரை நிறமற்ற பிளாஸ்டிக் பாட்டிலில் நிரப்பிச் சுமார் 6 மணி நேரம் நல்ல வெயிலில் படுக்க வைத்தால், புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்து கிருமிகளைக் கொல்லும். வேலூரின் குடிசைப் பகுதி ஒன்றில் 100 குழந்தைகளுக்கு இப்படிப் பதப்படுத்திய நீர் கொடுக்கப்பட்டது. மற்றொரு 100 குழந்தைகள் ஒப்பீட்டுக்காகக் கண்காணிக்கப்பட்டனர். வெயில் நீர் குடித்த குழந்தைகளுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 2.7 முறையும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. நோய் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத எண் வேறொன்று. வெயில் நீர் பெற்ற குழந்தைகளில் 86 விழுக்காட்டினர் வெளியே வேறு நீரையும் குடித்திருந்தார்கள். பள்ளியில், பக்கத்து வீட்டில், தெருக்குழாயில் என்று குழந்தை தாகமெடுத்த இடத்தில் குடிக்கும். அப்படியிருந்தும் நோய் குறைந்தது. ஒரே ஒரு வழியை அடைத்தாலும் உடலுக்குள் போகும் கிருமியின் மொத்த அளவு குறைகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் இந்த முயற்சிகள் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை. 2017-க்கும் 2020-க்கும் இடையில் நடந்த தேசிய டைபாய்டு கண்காணிப்பு ஆய்வில் 6 மாதம் முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் பின்தொடரப்பட்டனர். வேலூர், தில்லி, கொல்கத்தா ஆகியவற்றின் நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு இலட்சம் குழந்தைகளில் 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு உறுதியானது. புனே அருகே கிராமப் பகுதியில் அந்த எண் 35. டைபாய்டு மனிதக் கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. குழாயும் சாக்கடையும் அருகருகே ஓடும் நெருக்கமான நகரங்களின் நோய் அது.

2010-களில் மேட்டூர் அருகிலிருந்து காவிரி நீரை வேலூர் வட்டாரத்துக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்தது. நீரின் உப்புச் சிக்கலுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் மலையும் காடும் கடந்து வரும் குழாய் எவ்வளவு நீளமோ, குளோரின் தீர்ந்துபோக அவ்வளவு வாய்ப்பு. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, நுகர்வோரின் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லிலிட்டர் நீரில் ஓர் ஈ. கோலி கூட இருக்கக் கூடாது. முதல் நிபந்தனை தவறினால் இரண்டாவதைக் காப்பது கடினம்.

குளியலறைக்கு வந்த கேள்வி

இதுவரை சொன்னதெல்லாம் வாய்வழி வரும் கிருமி. குளியல் நீரைப் பற்றி இவ்வட்டாரத்தில் அதிகம் கவலைப்பட்டதில்லை. ‘உப்புத் தண்ணி’தானே, குடிக்கவா போகிறோம் என்ற எண்ணம். பக்கெட்டும் மக்கும் வைத்துக் குளித்த காலத்தில் அந்த எண்ணம் ஓரளவு பாதுகாப்பானதே. வாய் கொப்பளிப்பதையும் குழந்தை விழுங்குவதையும் தவிர்த்தால் போதும். ஷவர் வந்த பிறகு நிலை மாறியது.

1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் முன்னாள் படைவீரர் சங்கத்தின் மாநாட்டையொட்டி ஒரு மர்ம நிமோனியா பரவியது. 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஜோசப் மெக்டேட் அதன் காரணியைக் கண்டுபிடித்தார். லெஜியோனெல்லா என்று பெயரிடப்பட்ட அந்தப் பாக்டீரியா குடிப்பதால் அல்ல, நீரின் நுண்துளிகளை மூச்சோடு இழுப்பதால் நுரையீரலைத் தாக்குவது. 1980-இல் இங்கிலாந்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றின் ஷவரிலேயே அது பிரித்தெடுக்கப்பட்டது. 2009-இல் நார்மன் பேஸ் குழுவினர் அமெரிக்காவின் 9 நகரங்களில் 45 ஷவர் தலைகளை ஆராய்ந்தனர். காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஏவியம் போன்றவை, குழாய் நீரில் இருப்பதைவிட 100 மடங்குக்கும் மேல் ஷவர் தலைக்குள் செறிந்திருந்தன. பிளாஸ்டிக்கைவிட உலோகத் தலை மேலாகலாம் என்று பேஸ் கருதினார். வேலூரின் பித்தளைக் குடத்தை அறிந்தவருக்கு இது முற்றிலும் புதிய செய்தியல்ல.

ஷவர் தலைக்குள் கிருமி ஒட்டி வாழ்வது உயிர்ப்படலம் எனப்படும் வழுவழுப்பான பூச்சில். அது சொரசொரப்பான பரப்பில் எளிதில் பற்றும். பாறை நிலத்தின் இயல்பாலும் கழிவின் உப்பாலும் கடினமான ஆம்பூர், வேலூர்ப் போர்த் தண்ணீர், ஷவரின் துளைகளிலும் கீசரின் சுருளிலும் வெள்ளை வெள்ளையாகப் படிவது வீடுதோறும் தெரிந்த காட்சி. அந்தச் சுண்ணாம்புப் படிவு அழகுக் குறைபாடாகவே பார்க்கப்படுகிறது. கிருமிக்கு அது வீடு.

மேலைநாட்டு விதிகள் லெஜியோனெல்லாவைத் தடுக்க இரண்டு வழி சொல்கின்றன: குளிர்ந்த நீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்க வேண்டும், வெந்நீரை 60 பாகையில் சேமிக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் அது பெருகும், குறிப்பாக 25 முதல் 45 பாகை வரை. வேலூரில் முதல் விதிக்கு வழியே இல்லை. கோடையில் காற்றே 40 பாகையைத் தாண்டும் ஊரில், மாடியில் நிற்கும் கறுப்பு சிண்டெக்ஸ் தொட்டியின் நீர் பகல் முழுதும் அந்த வெதுவெதுப்பில்தான் கிடக்கும். ஆகவே இங்கே எஞ்சுவது மூன்று: நீரைத் தேங்கவிடாமை, குளோரின், 60 பாகை வெப்பம்.

தொட்டியை ஆண்டுக்கு இரு முறையாவது காலி செய்து, தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கமாக வைப்பது முதல் வேலை. 1,000 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். அதைச் சிறிது நீரில் கரைத்து, தெளிந்த பகுதியை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். ஈரம் பட்ட பழைய பவுடரில் வீரியம் இருக்காது. சேமிப்புக் கீசரை 60 பாகைக்கு ஏற்றி, குளிக்கும்போது குளிர்ந்த நீர் கலந்துகொள்ளலாம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிநீர்க் காயத்தை நினைவில் வைத்து முதலில் கலந்துவிட்டே திறக்க வேண்டும். அதிக வெப்பத்தில் படிவும் வேகமாகச் சேரும் என்பதால் கடின நீர் உள்ள வீட்டில் கீசரை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்வது தவிர்க்க முடியாதது. உடனடிக் கீசரில் நீர் தேங்காததால் இந்தச் சிக்கல் குறைவு. ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் படிவு கரையும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், குளியலறைக் கதவைத் திறந்துவைத்து, சாரல் முகத்தில் படாதபடி சில நிமிடம் நீரை ஓடவிட்ட பிறகே குளிப்பது நல்லது.

கடைகளில் விற்கும் ஷவர் வடிகட்டிகள் பற்றிய குழப்பத்தையும் சொல்ல வேண்டும். அவற்றில் பல, முடி கொட்டுவதைத் தடுக்கும் என்று சொல்லிக் குளோரினை நீக்குபவை. கிருமியைத் தடுத்துவைத்திருந்த ஒரே காவலை, நீர் உடலைத் தொடும் இடத்திலேயே அவை அகற்றிவிடுகின்றன. கடின நீரை மென்மையாக்கும் கருவி படிவைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் அப்படியே இருக்கும். ஆர்.ஓ. நீர் உப்பை நீக்கும். ஆனால் கழுவாத 20 லிட்டர் கேனில் ஊற்றி வாரம் முழுதும் வைத்தால் 2004-இல் வேலூரில் அளந்த அதே கதை மீண்டும் தொடங்கும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஷவர் நீரால் வரும் ஆபத்து சிறியது. முதியோர், புகைபிடிப்பவர், நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், புற்றுநோய்க்கோ உறுப்பு மாற்றுக்கோ மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கே அது பெரியது. நாடெங்கிலுமிருந்து இத்தகைய நோயாளிகள் சிகிச்சைக்கு வரும் ஊர் வேலூர். மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் அவர்கள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அறை இரண்டு வாரம் பூட்டிக் கிடந்திருக்கும், மாடித் தொட்டி கழுவப்பட்ட நாள் யாருக்கும் நினைவிருக்காது. அந்த அறைகளில் அவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் குளிப்பதே, இப்போதைக்கு, ஷவரைவிடப் பாதுகாப்பானது.